வண்டி கொதிக்குது, அடியில ஒழுகுது: எங்கே தேடுவது?

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் என் பட்டறைக்கு வண்டி வருவதற்கு முன்னால் போன் வந்துவிடும். "அண்ணே, லாத்தா இஸ்கண்டார்கிட்ட நிக்கிறோம். போனட்லேர்ந்து புகையா வருது." கேமரன் மலைக்கு ஏறும் வழியில் இருக்கிற அருவி அது. தாப்பாவிலிருந்து மலைமேல் இருக்கிற தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். போய்ச் சேருகிற இடம் 1,400 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. வளைவுக்கு வளைவு இரண்டாம் கியர், உள்ளே ஐந்து பேர், பின்னால் நிறையச் சாமான், ஏசி முழு வேகத்தில். ஆறு மாதமாகப் பட்டணத்துக்குள் கண்ணாமூச்சி ஆடிய சின்னச் சின்னக் குறையெல்லாம் அந்த ஏற்றத்தில் பல்லைக் காட்டும்.

விடுமுறை இல்லாத நாட்களில் வருகிறவை வேறு ரகம். செம்பனைத் தோட்டத்து மண் சாலையில் தினமும் ஓடுகிற பழைய சாகா, வீரா, கஞ்சில் கார்கள். இவை ஒரே நாளில் கொதிப்பதில்லை. மெல்ல மெல்லத் தண்ணீர் குடிக்கத் தொடங்கும். அதனால் வண்டிக்காரரிடம் நான் முதலில் கேட்பது, "பின்னால தண்ணி போத்தல் எத்தனை வெச்சிருக்கீங்க?" என்பதுதான். ஒன்றுமில்லை என்றால் வியாதி புதுசு. இரண்டு போத்தல் இருந்தால் வியாதி பழசு, வீட்டு வைத்தியமும் நடந்துகொண்டிருக்கிறது. எத்தனை நாளைக்கு ஒரு தரம் ஊற்றுகிறார், எவ்வளவு ஊற்றுகிறார், முதலில் எப்போது சூடு ஏறியது என்று கேட்டு முடிப்பதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும்.

ஒரு சின்ன விளக்கம். நம் ஊரில் பாதிப் பேர் போனட் என்றால் சாமான் வைக்கும் பின்பக்கத்தைச் சொல்கிறார்கள். இங்கே நான் போனட் என்று எழுதுவதெல்லாம் எஞ்சின் இருக்கிற முன்பக்கம்.

புகை வந்துவிட்டது, இப்போது என்ன செய்வது?

ஏசியை அணையுங்கள், ஓரம் கட்டுங்கள், எஞ்சினை நிறுத்துங்கள். வெளிநாட்டுக் காணொளிகளில் "ஹீட்டரை முழுசாகத் திறந்துவிடு, எஞ்சின் சூடு உள்ளே இறங்கிவிடும்" என்பார்கள். குளிர் நாட்டு வண்டிக்கு அது நல்ல யோசனை. நம் நாட்டில் விற்கிற சின்ன வண்டிகள் பலவற்றில் ஹீட்டரே கிடையாது. குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்றும் ஆகாது. "அடுத்த வளைவு வரைக்கும் ஓட்டிப் பார்ப்போம்" என்பதும் வேண்டாம். சூடு காட்டும் முள் சிவப்பைத் தாண்டிய பிறகு ஓடும் ஒவ்வொரு நிமிடமும் எஞ்சினின் மேல்பாகமான அலுமினிய ஹெட்டை வளைத்துக்கொண்டிருக்கிறது.

ரேடியேட்டர் மூடியை அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குத் தொடக்கூடாது. அது வெறும் மூடி இல்லை, அழுத்தத்தைப் பிடித்து வைக்கிற வால்வு. மேலேயே 0.9 என்றோ 1.1 என்றோ எழுதியிருக்கும், பார் கணக்கு. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். திறந்த கணத்தில் அழுத்தம் போய்விடுகிறது. அதுவரை 110 டிகிரியில் அடங்கிக் கிடந்தது குப்பென்று ஆவியாகி முகத்துக்கு வரும். மேல் ஹோஸைத் துணி வைத்து அமுக்கிப் பாருங்கள். கட்டை மாதிரி இருந்தால் உள்ளே அழுத்தம் இன்னும் இருக்கிறது. கை அமுக்கத்துக்கு இளகிக் கொடுத்தால், தடித்த துணியை மூடிமேல் போட்டு, முதல் பூட்டு வரைக்கும் மட்டும் திருப்பி, சீறல் அடங்கும்வரை நின்று, அதன் பிறகு திறங்கள்.

அருவி பக்கத்தில்தானே இருக்கிறது என்று வாளியில் மொண்டு வந்து கொதிக்கிற எஞ்சினுக்கு அபிஷேகம் செய்தவரை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சூடான இரும்புமேல் பச்சைத் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று எந்தக் கொல்லரைக் கேட்டாலும் சொல்வார். எஞ்சின் தானாக ஆறட்டும். ஆறிய பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, ரேடியேட்டருக்குள் ஊற்றலாம். நெடுஞ்சாலையில் நின்றுபோனால் பிளஸ் நெடுஞ்சாலை நிறுவனத்தின் ரோந்து வண்டியைக் கூப்பிடுங்கள். பாதையோரம் போனட்டைத் திறந்து குனிந்து நிற்பதைவிட அது பாதுகாப்பு.

நின்றால் சூடு ஏறுகிறது, வேகம் எடுத்தால் இறங்குகிறது

பசார் மாலாம் நெரிசலில் முள் ஏறி, நெடுஞ்சாலையைப் பிடித்ததும் இறங்கிவிட்டால் சந்தேகமே வேண்டாம், ஃபேனைப் பாருங்கள். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். நிற்கும்போது ஃபேன் ஒன்றுதான் துணை.

எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். முன்னால் ஃபேன் சுற்ற வேண்டும். பல வண்டிகளில் இரண்டு இருக்கும். ஏசி போட்டால் சுற்றுகிறது, ஏசி இல்லாமல் முள் ஏறினால் சுற்றவில்லை என்றால் ஃபேன் நல்லது. சூட்டைச் சொல்லும் சென்சாரோ, ரிலேயோ, நடுவில் வயரோ கெட்டிருக்கும். எப்படியும் சுற்றவில்லை என்றால் முதலில் ஃபியூஸ், பிறகு மோட்டார். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் மோட்டார் முதுகில் மெல்லத் தட்டுங்கள். தட்டியதும் எழுந்து சுற்றினால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துபோயிற்று. அன்றைக்கு வீடு சேரலாம், மறுநாள் மோட்டார் மாற்றத்தான் வேண்டும். தட்டும்போது விரல் பத்திரம். எஞ்சின் நின்றிருந்தாலும் சூடு இருந்தால் சில வண்டிகளில் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும்.

ஃபேன் சுற்றியும் சூடு இறங்காத ஒரு கேஸ் உண்டு. பழைய வண்டிச் சாமான் விற்கிற போத்தோங் கடையில் மோட்டார் வாங்கி மாட்டும்போது வயர் இரண்டும் இடம் மாறிவிட்டால், ஃபேன் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக் காற்றை முன்னால் தள்ளும். பார்வைக்குச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். நாளிதழ்த் தாள் ஒன்றை வண்டியின் முன்பக்கக் கிரில்லில் வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் காற்றை உள்ளே இழுக்கிறது, சரி. பறந்து வந்தால் வயரை மாற்றுங்கள். இந்தச் சோதனைக்கு ஒரு காசு செலவில்லை. இதைச் செய்யாமல் புது ரேடியேட்டர் மாட்டியவர் ஒருவர் என்னிடம் வந்திருக்கிறார்.

ஏற்றத்திலும் நெடுஞ்சாலையிலும் மட்டும் சூடு

பட்டணத்துக்குள் சமர்த்து. கோப்பேங்குக்கும் தாப்பாவுக்கும் நடுவில், குவா தெம்புரோங் பக்கத்து ஏற்றத்தில் முள் எழும்புகிறது. இது முந்தியதற்கு நேர் எதிர். காற்று போதுமான அளவு இருக்கிறது. தண்ணீர் ஓட்டம்தான் பத்தவில்லை, அல்லது சூடு வெளியேற வழியில்லை.

தோட்டத்து வண்டியென்றால் வெளிப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். முன்னால் தெரிவது ஏசியின் கண்டன்சர். ரேடியேட்டர் அதற்குப் பின்னால் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் இரண்டு விரல் சந்து. செம்மண் தூசி, பூச்சி, செம்பனை நார் எல்லாம் அந்தச் சந்தில் போய்க் கம்பளிப் போர்வை மாதிரி படிந்துவிடும். முன்னால் நின்று பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். மேலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால், எஞ்சின் ஆறிய பிறகு எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். வண்டி கழுவும் கடையின் ஜெட் வேண்டாம், அது மெல்லிய தகடுகளை மடக்கி இருக்கிற வழியையும் அடைத்துவிடும். சாதாரண ரப்பர் குழாய், பொறுமை, இரண்டும் போதும்.

வெளியே சுத்தம் என்றால் உள்ளே அடைப்பு. வருடக்கணக்கில் குழாய்த் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டருக்குள் துருவும் உப்பும் படிந்து குழல்கள் அடைந்துவிடும். வண்டி நன்றாகச் சூடான பிறகு எஞ்சினை நிறுத்தி, ரேடியேட்டர் முகத்தில், தொடாமலே சூடு பார்க்கும் வெப்பமானியைக் காட்டி அங்குலம் அங்குலமாக நகர்த்துங்கள். நடுவில் ஒரு திட்டு மட்டும் குளிர்ந்திருந்தால் அந்தக் குழல்களில் தண்ணீர் ஓடவில்லை.

அடுத்து கீழ் ஹோஸ். ஒருவர் ஆக்சிலேட்டரை அமுக்க, நீங்கள் கீழ் ஹோஸைப் பாருங்கள். உறிஞ்சு குழல் மாதிரி சப்பிப்போனால் ஹோஸ் கிழமாகிவிட்டது, அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கிறது. கடைசியில் வாட்டர் பம்ப். அதன் உள்ளே இருக்கிற சிறகுகள் துருவில் கரைந்து வட்டத் தகடாகி நிற்பதைக் கழற்றினால்தான் பார்க்க முடியும். அதனால்தான் அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கிளம்பிப் பத்து நிமிடத்துக்குள் சூடு

தண்ணீர் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் காரணம் அதுதான், அடுத்த பகுதிகளுக்குப் போங்கள். அளவு சரியாக இருந்தால் மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் துணி சுற்றிய கையால் தொட்டுப் பாருங்கள். முள் மேலே இருக்கிறது, மேல் ஹோஸ் சுடுகிறது, கீழ் ஹோஸ் பச்சைத் தண்ணீராக இருக்கிறது என்றால் தெர்மோஸ்டாட், அதாவது சூடு ஏறியதும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடுகிற வால்வு, மூடியபடி மாட்டிக்கொண்டது.

அதைக் கழற்றி அடுப்படியிலேயே சோதிக்கலாம். வீட்டுக்காரர் அனுமதித்தால். சட்டியில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானி. பெரும்பாலானவை 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்க வேண்டும். எத்தனை என்று அதன்மேலேயே குத்தியிருக்கும். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் வாய் திறக்கவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டுங்கள்.

புதிது மாட்டுங்கள் என்று சொல்கிறேன், கழற்றிவிட்டு வெறுமனே விடச் சொல்லவில்லை. "நம்ம ஊர் வெயிலுக்கு தெர்மோஸ்டாட் தேவையில்லை" என்று கழற்றி எறிகிற பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. நானும் கற்றுக்கொண்ட காலத்தில் அதைத்தான் செய்தேன். எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் ஓடினால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், சீக்கிரம் தேயும். இன்னொரு விஷயம் எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடிப்பக்கம் போய் பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். சூட்டைக் குறைக்கச் செய்த வேலை ஏற்றத்தில் சூட்டை ஏற்றிவிடும்.

முள் ஆடுகிறது, அல்லது திடீரென்று கீழே விழுகிறது

ஏறி இறங்கி ஊஞ்சலாடினால் உள்ளே காற்று மாட்டியிருக்கிறது, தண்ணீர் குறைவாக இருக்கிறது, அல்லது ஹெட்டுக்கு அடியில் இருக்கிற தகடான ஹெட் கேஸ்கெட் வழியாக எரிந்த வாயு தண்ணீருக்குள் வருகிறது.

ஏறிக்கொண்டே போன முள் சட்டென்று கீழே விழுந்தால் "அப்பாடா, சரியாயிடுச்சு" என்று மூச்சு விடாதீர்கள். சென்சார் தண்ணீரில் முங்கியிருந்தால்தான் ஒழுங்காகக் கணக்குச் சொல்லும். தண்ணீர் முழுக்கப் போய், சென்சார் வெறுங்காற்றில் நின்றால் முள் தாழ்ந்துவிடலாம். அந்த நேரத்தில் எஞ்சின் தீயில் இருக்கும். நிறுத்துங்கள், உடனே. முள்ளே இல்லாமல் நீல விளக்கு, சிவப்பு விளக்கு மட்டும் வைத்த புதிய வண்டிகளில் இந்தக் கண்ணாமூச்சிகூடக் கிடையாது. சிவப்பு எரிந்தால் ஏற்கெனவே தாமதம்.

அடியில் கறை: என்ன ஒழுகுகிறது?

இரவு நிறுத்தும் இடத்தில் மைலோ பெட்டியோ மேகி மீ பெட்டியோ எதையாவது பிரித்து விரித்து, எஞ்சினுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். முன் சக்கரம் இரண்டும் எங்கே இருந்தன என்று பெட்டியில் பேனாவால் கோடு போடுங்கள். காலையில் நிறம், இடம், பிசுக்கு, வாசனை நான்கும் உங்களுக்குப் பதில் சொல்லும். பார்க்காமல் "ஏதோ ஒழுகுது அண்ணே" என்று வருகிறவருக்கும் அட்டையைச் சுருட்டிக் கையில் கொண்டு வருகிறவருக்கும் என் பட்டறையில் அரை நாள் வித்தியாசம்.

நிறமில்லை, வாசனையில்லை, பயணி உட்காரும் பக்கம் சொட்டியிருக்கிறது என்றால் ஏசித் தண்ணீர். சந்தோஷப்படுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அது சொட்டாமல் இருந்தால்தான் கவலை. குழாய் அடைத்து அந்தத் தண்ணீர் உள்ளே கால்விரிப்பை நனைக்கும்.

பச்சை, இளஞ்சிவப்பு, நீலம், கொஞ்சம் பிசுக்கு, இனிப்பான வாசனை: கூலன்ட், ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கிற திரவம். நிறத்தை வைத்து ரகத்தை முடிவு செய்யாதீர்கள், ஒவ்வொரு கம்பெனியும் தனக்குப் பிடித்த சாயத்தைப் போடுகிறது. முன்பக்கம் நடுவில் விழுந்தால் ரேடியேட்டரோ ஹோஸோ. எஞ்சினின் பெல்ட் பக்கம் விழுந்தால் வாட்டர் பம்ப். பம்பின் வயிற்றில் சின்னத் துளை ஒன்று இருக்கும். உள் சீல் தேய்ந்ததும் அந்தத் துளை வழியாகக் கசியும், அது அதற்காகவே வைத்த துளை. கசிந்த தடத்தில் காய்ந்த உப்புக் கோடு தெரியும். டைமிங் பெல்ட்டோடு சுற்றுகிற பம்பாக இருந்தால் பெல்ட் மாற்றும்போது பம்பையும் மாற்றிவிடுங்கள். கூலி ஒன்றுதான், கழற்றும் இடமும் ஒன்றுதான்.

கூலன்டைத் தரையில் அப்படியே விடாதீர்கள். அதில் இருக்கும் எத்திலின் கிளைகால் இனிக்கும், விஷம். வீட்டு நாயும் பூனையும் நக்கிவிட்டால் பிழைப்பது கஷ்டம்.

பழுப்பு, கறுப்பு, வழவழப்பு: எஞ்சின் ஆயில். இதில்தான் ஆட்கள் அதிகமாக ஏமாறுகிறார்கள். ஆயில் மேலிருந்து கீழே வழியும், ஓடும்போது காற்று பின்னால் தள்ளும். சொட்டுகிற இடமும் கசிகிற இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். அடியில் ஆயில் சட்டி நனைந்திருக்கிறது என்று சட்டியின் கேஸ்கெட்டை மாற்றுவார்கள். கசிவு மேலே, டாப் கவர் கேஸ்கெட்டில் இருக்கும். எஞ்சின் ஆறிய பிறகு மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் முழுக்கத் துடைத்துக் காயவிட்டு, சந்தேகமான இடங்களில் முகப் பவுடரைத் தூவுங்கள். விபூதி பூசிய மாதிரி இருக்கும். பத்து கிலோமீட்டர் ஓட்டி வந்து டார்ச் அடித்தால் வெள்ளையில் ஈரக் கோடு எங்கே தொடங்குகிறது என்பது பளிச்சென்று தெரியும். தொடங்குகிற இடம்தான் கசிவு. டாப் கவரிலிருந்து எக்சாஸ்ட் மேல் சொட்டினால் வண்டி நின்ற பிறகு கருகல் வாடை வரும். பலர் அந்தப் புகையைப் பார்த்துத்தான் "ஓவர்ஹீட்" என்று ஓடி வருகிறார்கள். முள் நடுவிலேயே நிற்கும்.

ஒரே நேரத்தில் மூன்று நான்கு இடத்தில் ஆயில் கசிந்தால் சீல் ஒவ்வொன்றாக மாற்றப் போகாதீர்கள். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடுகிற பி.சி.வி. வால்வைக் கழற்றி ஆட்டிப் பாருங்கள். கலகலவென்று சத்தம் வர வேண்டும். அடைத்திருந்தால் எஞ்சினுக்குள் அழுத்தம் கூடி, எந்த சீல் பலவீனமோ அதைப் பிதுக்கிக்கொண்டு ஆயில் வெளியே வரும். புது சீல் போட்டாலும் மாதத்துக்குள் திரும்ப வரும்.

சிவப்பு, எஞ்சினும் கியரும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில்: ஆட்டோ கியர் ஆயில். பழைய பவர் ஸ்டீயரிங் ஆயிலும் சிவப்பாக இருக்கும், அது ஸ்டீயரிங் ராக் பக்கம் விழும். கியர் பக்கத்தில் அழுகல் வாடையோடு கெட்டியாக விழுந்தால் மேனுவல் கியர் ஆயில்.

சக்கரத்தின் உள்பக்கம் மெல்லிய மஞ்சள், அல்லது நிறமில்லாத வழவழப்பு: பிரேக் ஆயில். இதற்கு வழிமுறை எதுவும் எழுதப்போவதில்லை. வண்டியை எடுக்காதீர்கள், பட்டறை ஃபோர்மேனை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

தரை காய்ந்திருக்கிறது, தண்ணீர் மட்டும் குறைகிறது

பட்டணத்துக்கு வெளியே ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். ஐந்து லிட்டர் சமையல் எண்ணெய்ப் போத்தல் இரண்டு எப்போதும் அவர் வண்டியில் தண்ணீரோடு இருக்கும். "தம்பி, இது தண்ணி குடிக்கிற வண்டி. காலையில அரைப் போத்தல் ஊத்திட்டா சாயங்காலம் வரைக்கும் தொந்தரவு இல்ல." ஒரு வருடமாக இப்படி ஓட்டியிருக்கிறார். வீட்டு முற்றம் சிமெண்டு. ஒரு சொட்டுகூட விழுந்ததில்லை என்று சத்தியம் செய்தார். அவர் சொன்னது உண்மை.

தரை காய்ந்து, தண்ணீர் குறைந்தால் மூன்று வழிதான். எஞ்சினுக்குள் போய் எரிகிறது, வேறு ஆயிலோடு கலக்கிறது, அல்லது தரையைத் தொடுவதற்கு முன் ஆவியாகிறது. எல்லாரும் முதல் இரண்டுக்கு பயப்படுவதால் அவற்றை முதலில் தள்ளிவிடுவோம்.

எஞ்சின் ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள், ஆயில் மூடியின் அடியையும். பால் தேநீரான தே தாரிக் நிறத்தில் நுரைத்திருந்தால் தண்ணீர் ஆயிலோடு கலந்துவிட்டது, ஹெட் கேஸ்கெட்டோ ஆயில் கூலரோ. மூடியடியில் மட்டும் மெல்லிய வெண்ணெய்ப் படலம், குச்சியில் ஆயில் சுத்தம் என்றால், பக்கத்துக் கடைக்கு மட்டுமே ஓடுகிற வண்டியில் ஈரம் தங்கியிருக்கிறது. ஒரு நாள் நீண்ட தூரம் ஓட்டிவிட்டுத் திரும்பப் பாருங்கள். ஆட்டோ வண்டியில் ரேடியேட்டருக்குள் சிராப் பண்டோங் மாதிரி இளஞ்சிவப்புப் பால் நின்றால், ரேடியேட்டரின் அடியில் இருக்கிற கியர் ஆயில் கூலர் ஓட்டையாகிவிட்டது. ஓட்டினால் கியர்பாக்ஸும் போகும். இழுத்துத்தான் கொண்டு வர வேண்டும்.

ஹெட் கேஸ்கெட் சந்தேகத்துக்குக் காலை நேரம் நல்லது. ஆறிப்போன எஞ்சினை ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸைப் பிடியுங்கள். தண்ணீர் இன்னும் சூடாகவில்லை, ஆனாலும் ஹோஸ் விறைத்துவிட்டது என்றால் எரிந்த வாயு உள்ளே வருகிறது. எக்சாஸ்டில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, இனிப்பாக மணந்தால் அதுவும் அதுதான். பட்டறையில் ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் வைத்த குழாயைப் பொருத்திச் சோதிப்போம். எரிந்த வாயு பட்டால் நீலம் மஞ்சளாகும். ஹெட்டைக் கழற்ற ஒப்புக்கொள்வதற்கு முன் இந்தச் சோதனையைக் கண்ணால் பார்க்கக் கேளுங்கள். கழற்றிய பிறகு, ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்க்கட்டை வைத்து அளப்பதையும் பாருங்கள். பல எஞ்சின்களுக்கு வரம்பு 0.05 மில்லிமீட்டர்தான், தலைமுடியின் பருமனைவிடக் குறைவு. அளக்காமல் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடினால் அடுத்த மலை ஏற்றத்துக்குள் திரும்பி வந்துவிடும்.

பெரியவர் வண்டியில் ஆயில் சுத்தம். நீலம் நீலமாகவே இருந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே தே ஓ மாதிரி துருத் தண்ணீர். தெர்மோஸ்டாட் வீட்டைத் திறந்தால் தெர்மோஸ்டாட்டே இல்லை, எந்தக் காலத்திலோ யாரோ கழற்றியிருக்கிறார்கள். ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டி 1 பார் ஏற்றினேன். பத்து நிமிடம் பம்பின் அழுத்த முள் அசையவில்லை. பெரியவர் என்னைப் பார்த்தார். "நான்தான் சொன்னேனே, ஒழுகல."

எஞ்சினை ஓடவிட்டுச் சூடாக்கி, நிறுத்தி, ஆறவிட்டு, மூடியை மெல்லத் திறந்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே திரும்பப் பம்பை ஏற்றினேன். இந்த முறை முள் இறங்கியது. மெதுவாக, நிற்காமல். ரேடியேட்டரின் மேல் தொட்டி கறுப்பு பிளாஸ்டிக், வயதாகிப் பழுப்பேறியிருந்தது. அது அலுமினியத்தைக் கவ்வுகிற விளிம்பில் டார்ச் அடித்துக்கொண்டே இருந்தேன். கடுகளவு துளி ஒன்று திரண்டது. உருண்டு இரண்டு அங்குலம் இறங்கி, வெதுவெதுப்பான தகட்டில் பட்டுப் பரவியது. அவ்வளவுதான், காணோம். அடுத்தது திரண்டது. குளிர்ந்திருக்கும்போது மூடிக்கொண்டு, சூட்டில் மட்டும் வாய் திறக்கிற மயிரிழை வெடிப்பு. தரைக்கு எங்கே வரும்? துளி போன தடத்தில் துருக் கோடு மட்டும் இருந்தது. அதை அவர் செம்மண் என்று நினைத்திருந்தார்.

அவர் காலைதோறும் ஊற்றிய தண்ணீர் ஹெட்டைக் காப்பாற்றியிருந்தது, ஒரு நாள்கூட எஞ்சின் வறண்டு ஓடவில்லை. அதே தண்ணீர் வாட்டர் பம்பின் சிறகுகளைப் பாதிக்குத் தின்றிருந்தது. ரேடியேட்டர், பம்ப், தெர்மோஸ்டாட், ஹோஸ் இரண்டு. மூடியையும் சேர்த்து மாற்றினேன். மூடியின் ரப்பர் இறுகி, ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் தண்ணீர் சீக்கிரம் கொதித்து, பக்கத்தில் இருக்கிற பிளாஸ்டிக் ஸ்பேர் டேங்க் வழியாக வெளியேறும். ஆட்கள் அதைப் பார்த்து ஹெட்டையே சந்தேகப்படுவார்கள். இரண்டு பேர் பசியாறுகிற காசுக்கு மேல் பெரிதாக ஆகாத சாமான், எல்லாவற்றுக்கும் முன்னால் மாற்றிப் பார்க்க வேண்டியது.

திரும்ப நிரப்பும்போது

மிளகுத்தூள், முட்டை வெள்ளை, கடையில் விற்கும் கசிவடைப்பு மருந்து, எல்லாவற்றையும் ரேடியேட்டருக்குள் பார்த்திருக்கிறேன். காட்டுக்குள் மாட்டிக்கொண்டால் போட்டு ஊர் வந்து சேருங்கள், நான் குறை சொல்லமாட்டேன். வந்ததும் முழுக்கக் கழுவிவிட வேண்டும். ஓட்டையை அடைக்கிற மருந்து மெல்லிய குழலையும் அடைக்கும்.

அவசரத்துக்கு எந்தத் தண்ணீரும் ஆகும். நிரந்தரத்துக்குக் கூலன்ட், பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த தண்ணீர் கலந்தது, அல்லது கலந்தே விற்பது. மினரல் வாட்டர் வேண்டாம், அதில் தாது இருக்கிறது என்று பெயரே சொல்கிறது. பனி உறையாத ஊரில் கூலன்ட் எதற்கு என்று கேட்பார்கள். துருவைத் தடுக்கத்தான். கொதிநிலையைச் சில டிகிரி ஏற்றித் தருவது கூடுதல் லாபம். இரண்டு ரகத்தைக் கலக்காதீர்கள், சில ரகம் சேர்ந்தால் கூழாகிவிடும்.

காற்று எடுப்பதில் அவசரம் கூடாது. வண்டியின் மூக்கு கொஞ்சம் மேலே இருக்கும்படி நிறுத்தி, மூடியில்லாமல், ஆறிய எஞ்சினில் மெதுவாக நிரப்பி, ஸ்டார்ட் செய்து விட்டுவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் தண்ணீர் மட்டம் பொசுக்கென்று இறங்கும், குமிழிகள் வரும், மேலும் ஊற்ற வேண்டும். ஃபேன் இரண்டு தரம் சுற்றி நிற்கும்வரை குமிழி வந்துகொண்டேயிருக்கலாம். அது நின்ற பிறகு மூடுங்கள். மூடும்போது தண்ணீர் சூடாக இருக்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். குமிழி நிற்கவே இல்லை என்றால் காற்று இல்லை, ஹெட் கேஸ்கெட். மேலே சொன்ன நீலச் சோதனைக்குத் திரும்பப் போங்கள்.

அடுத்த மூன்று நாள் காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, ஸ்பேர் டேங்கில் பேனாவால் கோடு போட்டு அளவு பாருங்கள். முதல் நாள் கொஞ்சம் இறங்கலாம், மிச்சக் காற்று வெளியேறியிருக்கும். மூன்றாம் நாளும் இறங்கினால் திரும்பக் கொண்டு வாருங்கள்.

பெரியவர் நான்காம் நாள் வந்தார். கோடு போட்ட இடத்திலேயே தண்ணீர் நின்றது. ஒரு போத்தலை இறக்கி வீட்டில் கோழிக்குத் தண்ணீர் வைக்கக் கொடுத்துவிட்டாராம். இன்னொன்று இன்னும் வண்டியில்தான் இருக்கிறது.